அதிரப்பள்ளில அணை ஏன் வரல? சித்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூகாவுல நம்ம பக்கத்துல யாரை நிறுத்தி "வாய்க்கால்ல வர்ற தண்ணி எங்கிருந்துங்க வருது"ன்னு கேட்டாலும் ஆழியாறுன்னு பட்டுனு பதில் வரும். அது பாதிதான். ஆழியாறு டேமுக்கு சொந்த மழைத்தண்ணி போக, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள்ல இருந்து சுரங்கம் வழியா சர்க்கார்பதி பவர் ஹவுஸ் இறங்கி ஃபீடர் கால்வாய்ல வர்ற தண்ணியும் சேருது, அது எல்லையோரம் மணக்கடவு தாண்டி மூலத்தரை வந்து இடதுகரை வலதுகரைன்னு பிரிஞ்சு நம்ம கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி வரைக்கும் போகுது. அந்த மூணு அணையும் நிக்கறது சாலக்குடிப் புழையோட, அதாவது சாலக்குடி ஆத்தோட நீர்ப்பிடிப்புல. அதாவது திருச்சூர் ஜில்லா பக்கம் ஓடி கடலுக்குப் போக வேண்டிய தண்ணில ஒரு பங்க மலைய குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பித்தான் நம்ம நெல்லும் தென்னையும் நிக்குது.

இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் எழுதப் போறது அந்தப் புழையக் காப்பாத்த நின்ன ஒரு சின்ன அமைப்பப் பத்தி. சாலக்குடிப் புழ சம்ரக்ஷண சமிதி, அதோட ஒட்டி வேலை செஞ்ச ரிவர் ரிசர்ச் சென்டர். அதிரப்பள்ளி அருவிக்கு மேல 163 மெகாவாட் மின்திட்டம் வராம நின்னதுல இவங்க பங்கு பெருசு. இதப் பத்தி எழுதறவங்க எல்லாரும் அருவி போட்டோ ஒண்ணப் போட்டு, மக்கள் போராட்டம் ஜெயிச்சதுன்னு முடிச்சுடறாங்க. எனக்கு அது போதல. போராட்டம் எல்லா ஊர்லயும்தான் நடக்குது, எத்தனை ஜெயிக்குது? இங்க வேற ஒண்ணு இருந்துச்சு. இவங்க மின்வாரியத்தோட கணக்கையே எடுத்து வச்சு கூட்டிக் கழிச்சாங்க. புழையில எந்த மணிக்கு எவ்வளவு தண்ணி ஓடுதுங்கறதுதான் இவங்க முழு விஷயமும்.

மொதல்ல புழைய கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஆனைமலைல பொறந்து ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ஓடி எலந்திக்கரை பக்கம் பெரியாத்துல சேருது. நீர்ப்பிடிப்பு 1,700 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதுல 300 கிட்ட தமிழ்நாட்டுல, மீதி கேரளத்துல. இந்த அளவு சின்ன புழை மேல எத்தனை கட்டு பாருங்க: வால்பாறை பக்கம் மேல் சோலையாறு, அப்புறம் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், இதெல்லாம் தமிழ்நாடு ஓட்டற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம், சுருக்கமா பிஏபி கையில. கீழ கேரள சோலையாறு, அதுக்கும் கீழ 1957-ல வந்த பெரிங்கல்குத்து, இது ரெண்டும் கேரள மின்வாரியம். பெரிங்கல்குத்துல இருந்தே வாச்சுமரம் வழியா கொஞ்சம் தண்ணிய இடமலையாறுக்கு திருப்பறாங்க, அது பெரியாத்து பக்கம் போயிடுது. கடைசில தும்பூர்முழி தடுப்பணை, அங்கிருந்து ரெண்டு கரையிலயும் கால்வாய், ஏறக்குறைய 14,000 ஹெக்டேர் பாசனம். வடகிழக்க ஒரு பங்கு நமக்கு, தெக்க ஒரு பங்கு பெரியாத்துக்கு, மிச்சம் இருக்கறதுதான் புழைக்கு.

இந்தக் காட்டை சுரண்டறது அணையோட ஆரம்பிச்சதும் இல்ல. கொச்சி ராஜ்யம் பரம்பிக்குளத்து தேக்கை வெட்டி இறக்க சாலக்குடி வரைக்கும் ஒரு டிராம்வே போட்டு 1907-ல இருந்து 1963 வரைக்கும் ஓட்டுச்சு. டிராம் போச்சு, டேம் வந்துச்சு.

இந்த மிச்சத் தண்ணி மேலதான் அதிரப்பள்ளி திட்டம் வந்துச்சு. வாழச்சாலுக்கு மேல 23 மீட்டர் உசரத்துல ஒரு அணை, 104 ஹெக்டேர் தேக்கம், அங்கிருந்து சுரங்கத்துல தண்ணிய எடுத்து கண்ணங்குழி பக்கத்துல பவர் ஹவுஸ். அணைக்கும் பவர் ஹவுஸ்ல இருந்து தண்ணி திரும்ப புழையில விழற இடத்துக்கும் நடுவுல ஏழெட்டு கிலோமீட்டர், அந்த இடைவெளிலதான் வாழச்சாலும் அதிரப்பள்ளி அருவியும் இருக்கு. பார்க்க வர்ற ஜனத்துக்கு அருவி காய்ஞ்சு போயிடக் கூடாதுல்ல, அதனால வாரியம் ஒரு உறுதி குடுத்துச்சு: அருவிக்குன்னு விநாடிக்கு 7.65 கன மீட்டர் தண்ணி எப்பவும் விடுவோம்னு. நம்ம விவசாயி பாஷையில சுமாரா 270 கன அடி.

கேக்கறதுக்கு தாராளமாத்தான் இருக்கு. ஆனா இது பீக் நேரத்து மின் நிலையம். சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட்டும் மிக்ஸியும் டிவியும் ஓடற நாலு மணி நேரத்துக்குத்தான் முக்கியமா ஓடும். கோடை மாசத்துல கணக்கு எப்படி வருதுன்னா, ஒரு நாள்ல 20 மணி நேரம் புழையில 7.65, மீதி நாலு மணி நேரம் 36, 38 கன மீட்டர் வரைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையப் பத்தி ஆராய மத்திய அரசு போட்ட மாதவ் காட்கில் குழு அறிக்கையிலயும் இந்தக் கணக்கு இருக்கு. கூட்டி 24-ஆல வகுத்தா சராசரி பன்னண்டரை சொச்சம் வரும். பேப்பர்ல சராசரியக் காட்டினா "பாருங்க, தண்ணி குறையவே இல்லையே"ன்னு சொல்லிடலாம். ஆனா வாய்க்கால் சராசரியில ஓடாதுங்க. தும்பூர்முழியில கால்வாய் மதகுக்கு நாள் முழுக்க ஒரே சீரா தண்ணி மட்டம் வேணும், 20 மணி நேரம் மட்டம் இறங்கி கிடந்துட்டு ராத்திரி நாலு மணி நேரம் 1,300 கன அடி அடிச்சுட்டு வந்தா கால்வாய் கொள்ளறத கொள்ளும், மீதி தடுப்பணை மேல வழிஞ்சு கீழ போயிடும். மூலத்தரைல முறை தண்ணி பார்த்து வளர்ந்த யாருக்கும் இத விளக்கவே வேண்டாம், நடு ராத்திரி வாய்க்கால் நிறைஞ்சு ஓடி காலைல மடை காய்ஞ்சு கிடந்தா என்ன பிரயோஜனம்.

இதத்தான் சமிதி புடிச்சுது. பெரிங்கல்குத்து தேக்கத்து மட்டம், பவர் ஹவுஸ் ஓடின நேரம், வழிஞ்சு போன தண்ணி, வாரியத்தோட பதிவேட்டுலயே இதெல்லாம் இருக்கு. அதை வச்சு, திட்ட அறிக்கையில சொன்ன அளவு தண்ணி இனிமே வராது, மேல பிஏபி எடுக்கறது, வாச்சுமரத்துல திருப்பறது எல்லாம் போக மிச்சம் இவ்வளவுதான்னு எழுதி வச்சாங்க. 163 மெகாவாட்டுன்னு பேரு பெருசா இருக்கே தவிர வருஷத்துக்கு சொன்னதே 233 மில்லியன் யூனிட்தான், அதுவே வருமான்னு கேட்டாங்க. கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க, 163 மெகாவாட் வருஷம் முழுக்க ஓடினா 1,400 மில்லியன் யூனிட்டுக்கு மேல வரணும். இவங்களே சொல்றது அதுல ஆறுல ஒரு பங்கு.

ரிவர் ரிசர்ச் சென்டரை நடத்தினவங்க டாக்டர் லதா அனந்தா. விவசாயம் படிச்சு அந்த வேலையில இருந்துட்டு அத விட்டுட்டு புழைக்கு வந்தவங்க. எஸ்.பி. ரவி சமிதியோட செயலாளர். இவங்க எழுதினத, பேசினத பார்த்தா ஒண்ணு கவனிக்கலாம், காடு அழகு, அருவி அழகுன்னு உருகறது ரொம்ப கம்மி. கன மீட்டர், மில்லியன் கன அடி, மணி நேரம், இதுதான். வாரியத்து எஞ்சினியர் பேசற பாஷையிலயே பேசினா அவரால "உங்களுக்கு டெக்னிக்கல் விஷயம் புரியாது"ன்னு ஒதுக்கிவிட முடியாதில்ல. லதா அனந்தா 2017 நவம்பர்ல புற்றுநோய்ல இறந்துட்டாங்க. திட்டம் கைவிடப்பட்டத அவங்க பார்க்கல.

கோர்ட்டு கதைய சுருக்கமா சொல்லிடறேன், நீட்டினா அதுவே ஒரு புத்தகம். 1998-ல மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி குடுத்துச்சு. 2001-ல கேரள ஹைகோர்ட் அத நிறுத்தி வச்சு, பொது விசாரணை நடத்துங்கன்னு சொல்லிடுச்சு. 2002-ல விசாரணை நடந்தப்போ வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே எதிர்ப்பு. 2005-ல மறுபடி அனுமதி, இந்தத் தடவ வாப்காஸ்ங்கற மத்திய அரசு ஆலோசனை நிறுவனம் செஞ்ச புது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைய வச்சு. அந்த அறிக்கைய ஜனங்க கிட்ட காட்டி விசாரணை வைக்கலன்னு 2006-ல கோர்ட் அதையும் ரத்து பண்ணுச்சு. அதே வருஷம் சாலக்குடில மறுபடி விசாரணை, மறுபடி எதிர்ப்பு. 2007-ல மூணாவது அனுமதி. 2010-ல ஜெய்ராம் ரமேஷ் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தப்போ இத ஏன் ரத்து பண்ணக் கூடாதுன்னு வாரியத்துக்கு நோட்டீஸ் போச்சு. 2011-ல காட்கில் குழு வேண்டவே வேண்டாம்னுச்சு, அதுக்கப்புறம் வந்த கஸ்தூரிரங்கன் குழு அவ்வளவு கறாரா சொல்லல, மறுபடி பரிசீலிக்க ஒரு கதவ திறந்து வச்சுது. 2017-ல அனுமதிக் காலம் முடிஞ்சுது. முடிஞ்சும் விடல, 2020-ல கேரள அரசு ஏழு வருஷத்துக்கு மறுபடி ஆட்சேபணை இல்லைன்னு சான்று (என்ஓசி) குடுத்துச்சு, கொரோனா நேரம், ஜனம் வீட்டுக்குள்ள. 2021 அக்டோபர்ல மின்துறை அமைச்சர் கே. கிருஷ்ணன்குட்டி சட்டசபையில, ஒருமித்த கருத்து இல்லாததால திட்டம் வேண்டாம்னு சொன்னார்.

கிருஷ்ணன்குட்டி யாரு? அப்போ நம்ம சித்தூர் எம்எல்ஏ. பிஏபி தண்ணிக்காக தமிழ்நாட்டோட மல்லுக்கு நின்ன அதே ஆளு. சித்தூர் பாசனத்துக்காரர் வாயில இருந்துதான் சாலக்குடி அணைக்கு முற்றுப்புள்ளி வந்துச்சுங்கறது எனக்கு ஒரு சுவாரஸ்யம், வேற யாரும் இத கவனிச்ச மாதிரி தெரியல.

கோர்ட்டுல ரெண்டு தடவ ஜெயிச்சதும் நடைமுறைக் குறையினால. அணை கெட்டதுன்னு தீர்ப்பு வரல, ஜனங்களக் கேக்காம செஞ்சீங்கன்னுதான் தீர்ப்பு வந்துச்சு. சில பேர் இத ஒரு குறையா சொல்றாங்க, டெக்னிகல் பாயிண்ட்டுல ஜெயிச்சுட்டாங்கன்னு. எனக்கு அப்படித் தோணல. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் காலத்த வாங்கிக் குடுத்துச்சு, அந்த இடைவெளில சமிதி பஞ்சாயத்து பஞ்சாயத்தா போய் கணக்கச் சொல்லுச்சு, புழைய நம்பி இருக்கற கீழ் பஞ்சாயத்துக்கெல்லாம் இது காட்டுப் பிரச்சனை இல்ல நம்ம கிணத்துப் பிரச்சனைன்னு புரிஞ்சுது. புத்தன்வேலிக்கரை பக்கம் கணக்கன்கடவுல புழை ஓட்டம் குறைஞ்சா கடல் உப்பு ஏறி வரும், அங்க ரெகுலேட்டர் கட்டி தடுக்க வேண்டியிருக்கு. அங்க இருக்கறவனுக்கு இருவாச்சிப் பறவையப் பத்திச் சொன்னா தலையாட்டுவான், உப்புத் தண்ணியப் பத்திச் சொன்னா பக்கத்துல உக்காந்து கேப்பான்.

இருவாச்சின்னு சொன்னதும் அதையும் சொல்லிடணும், இந்த கேஸ்ல கணக்குக்கு வராத பக்கம் அதுதான். வாழச்சால் புழையோரத்துல உசரம் கம்மியான இடத்துல ஆத்தங்கரைக் காடு ஒண்ணு இருக்கு. கேரளத்துல அந்த மாதிரி காடு மத்த ஆத்துல எல்லாம் ஏறக்குறைய போயிடுச்சு, வயலாச்சு, தோட்டமாச்சு, டேமுக்குள்ள முங்கிப் போச்சு. நாலு வகை இருவாச்சி இங்க இருக்கு, அதுல மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி கேரளத்துல கூடு வைக்கற வெகு சில இடத்துல இந்தக் கரையும் ஒண்ணு. பொட்டை, பெரிய மரத்துப் பொந்துக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு மண்ணும் எச்சமும் குழைச்சு வாசல பூசி அடைச்சுடும், மூக்கு நுழையற அளவுக்கு ஒரு கீறல் மட்டும். ஆண் வெளிய இருந்து அத்திப்பழம் கொண்டாந்து அந்தக் கீறல் வழியா ஒண்ணொண்ணா கக்கி ஊட்டும், குஞ்சு பெருசாகற வரைக்கும் இதே வேலை. ஆணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உள்ள இருக்கறதும் போச்சு. முந்தி இந்தக் கூட்டுல குஞ்சு எடுத்தவங்க இந்தக் காட்டு ஆதிவாசிகளான காடர்கள்தான், இப்போ அதே ஆளுங்க வருஷா வருஷம் கூட்டுக்குக் காவல் நின்னு குறிப்பு எடுக்கறாங்க. எந்த மரத்துல எந்தப் பொந்துன்னு அவங்களுக்குத்தான தெரியும்.

காடர் பேசற பேச்ச கேட்டா தமிழா மலையாளமான்னு நம்மளாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. வால்பாறை பக்கம் கல்லார், நெடுங்குன்றுலயும் அவங்கதான், இந்தப் பக்கம் வாழச்சால், பொகலப்பாறையிலயும் அவங்கதான், எல்லைக்கோடு நாம போட்டது. ஒவ்வொரு டேம் வந்தப்பவும் முதல்ல கிளப்பி விட்டது அவங்களத்தான், பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்துன்னு. அதிரப்பள்ளி அணைக்கு குறிச்ச இடத்துல இருந்து வாழச்சால் குடி கூப்பிடு தூரம். தாக்க அறிக்கையில அவங்களுக்கு பெரிய பாதிப்பு இல்லைங்கற மாதிரி எழுதி கடந்து போயிட்டாங்க. வாழச்சால் ஊர் மூப்பத்தி, அதாவது ஊர்த் தலைவி, வி.கே. கீதா இத எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவங்கள்ல ஒருத்தர்.

என் பார்வையில இந்த கேஸோட கெட்டியான பூட்டு 2014-ல விழுந்துச்சு. வன உரிமைச் சட்டத்துல வாழச்சால் டிவிஷன்ல ஒன்பது காடர் குடிகளுக்கு ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு சமூக வன வள உரிமை கிடைச்சுது, கேரளத்துல அதுதான் முதல். அதுக்கப்புறம் அந்தக் காட்டை வேற வேலைக்கு எடுக்கணும்னா அந்த ஊர்க் கிராமசபை சம்மதம் வேணும். சாலக்குடில உக்காந்திருக்கற சமிதி வேண்டாம்னு சொன்னா அது கருத்து, வாழச்சால் கிராமசபை வேண்டாம்னு சொன்னா அது சட்டம். புழை அமைப்புன்னு இருக்கற ஒண்ணு, ஆதிவாசி நில உரிமை நம்ம சப்ஜெக்ட் இல்லைன்னு ஒதுங்காம கூட நின்னது புத்திசாலித்தனம். நம்ம பிளாச்சிமடையில கோக் கம்பெனி 2004-ல மூடின கேஸ்லயும் எரவாளர் ஆதிவாசிக் குடி பொம்பளைங்கதான் பந்தல்ல முதல்ல உக்காந்தாங்க, ஆனா கம்பெனி போன பிறகு அவங்க கையில சட்டமா நிலமா ஒண்ணும் மிஞ்சல, நஷ்ட ஈட்டுக்கு இன்னமும் அலைச்சல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறப்பதான் 2014 காகிதத்தோட மதிப்பு தெரியுது.

சரி, அணை வரல. புழை நல்லா இருக்கா? இங்கதான் எல்லாரும் பேசறத நிறுத்திடறாங்க, சமிதி நிறுத்தல.

பெரிங்கல்குத்து பவர் ஹவுஸே பீக் நேரத்துக்கு ஏத்த மாதிரி ஓடறதுதான். கோடைல அதிரப்பள்ளிக்குக் கீழ கரையோரம் ஒரு பகல் இருந்து பாருங்க. மத்தியானம் பாறை எல்லாம் வெளிய தெரிஞ்சு, பாசி வெயில்ல காய்ஞ்சு வெளிறிக் கிடக்கும், குட்டைல மாட்டின மீன்குஞ்ச கொக்கு பொறுக்கும். மேல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்ச தண்ணி வந்து சேர்ந்ததும் அதே பாறை முங்கிடும். தினமும் இதே. மீனுக்கு மழை வந்தா ஏறணும், வத்தினா இறங்கணும்னு ஒரு கணக்கு உடம்புல இருக்கு, இங்க ஒரு நாளைக்குள்ள வெள்ளமும் வறட்சியும் வந்துட்டுப் போனா அது எதைன்னு நம்பும். நூறை ஒட்டின மீன் வகை இருக்கற புழை இது, அதுல சிலது 1990-கள்லதான் முதல்ல பேர் வச்சு எழுதப்பட்டுச்சு. அணை வேண்டாம்னு சொன்ன அதே காரணம் ஏற்கனவே இருக்கற அணைக்கும் பொருந்தும்தானேன்னு சமிதி கேட்டுச்சு. அணைய உடைக்கச் சொல்லல, ஓட்டற நேரத்த மாத்துங்கன்னு கேட்டாங்க, மேல சோலையாறுல இருந்து விடறதையும் பெரிங்கல்குத்துல ஓட்டறதையும் ஒண்ணா பிளான் பண்ணினா மின்சாரம் பெருசா குறையாம கீழ சீரா தண்ணி குடுக்கலாம்னு. இதுக்கு வாரியத்தோட, பாசனத் துறையோட, பஞ்சாயத்தோட எல்லாம் உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு, அதுவரைக்கும் யாரைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்களோ அவங்களோடயே. இது மறியலை விட கஷ்டமான வேலை, போட்டோவும் வராது, பேப்பர்லயும் வராது.

2018 ஆகஸ்ட்ல இதே விஷயம் வேற முகத்தோட வந்துச்சு. வெள்ளத்துக்கு முன்னாடியே தேக்கங்கள் நிறைஞ்சு நிக்குது, கொஞ்சம் இறக்கி இடம் வையுங்கன்னு சமிதி கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. ஆகஸ்ட் 15, 16-ல மழை கொட்டி, பரம்பிக்குளத்துல இருந்தும் தண்ணி வந்து, பெரிங்கல்குத்து அணை மேலயே தண்ணி ஏறி வழிஞ்சுது, பெரிய பெரிய மரம் எல்லாம் அடிச்சுட்டு வந்து அணைல செருகி நின்னுச்சு. சாலக்குடி டவுன் முங்கிப் போச்சு. பிஏபி ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து, கேரள சோலையாறு தேக்கம் வருஷத்துல பிப்ரவரி 1, செப்டம்பர் 1, இந்த ரெண்டு நாள்லயும் முழுக்க நிறைஞ்சு இருக்கணும்னு. பிப்ரவரி சரி, கோடைக்கு வேணும். செப்டம்பர் 1-க்கு நிறைச்சு வைக்கணும்னா ஆகஸ்ட் மழைல நிறைச்சுட்டே வரணும், அப்போ வெள்ளத்த வாங்க இடம் ஏது? தண்ணிப் பங்குக்குன்னு எழுதின வரி, வெள்ளத்த யாரும் அப்போ யோசிக்கல.

2022 செப்டம்பர் 21 விடியக்காலைல பரம்பிக்குளத்துல நடு ஷட்டரோட எடைக்கல் சங்கிலி அறுந்து ஷட்டரே போயிடுச்சு. விநாடிக்கு 20,000 கன அடி கிட்ட தண்ணி பெரிங்கல்குத்து வழியா சாலக்குடிக்கு இறங்குச்சு, நாலஞ்சு நாள்ல கிட்டத்தட்ட 6 டிஎம்சி போச்சு. அந்த வாரம் நம்ம பக்கம் டீக்கடைல பேச்சு எல்லாம் "நம்ம தண்ணி போச்சே"தான். சாலக்குடில பேச்சு "மறுபடி வெள்ளமா"தான். ஒரே தண்ணி. பரம்பிக்குளம் அணை நிக்கறது நம்ம சித்தூர் தாலூகா முதலமடை பஞ்சாயத்துல, ஓட்டறது தமிழ்நாடு, அங்க வண்டில போகணும்னா சேத்துமடை சுத்தி தமிழ்நாட்டுக்குள்ள போய்த்தான் போகணும், உடைஞ்சா முங்கறது திருச்சூர் ஜில்லா.

கொழிஞ்சாம்பாறைல பெரியப்பா முறை ஆகற ஒருத்தர்கிட்ட, பத்து ஏக்கர் தென்னை வச்சிருக்கறவர், இந்தக் கதையெல்லாம் சொன்னப்போ அவர் கேட்டது ஒண்ணுதான்: "ஏஞ்சாமி, அவிய இன்னிக்கு அதிரப்பள்ளி வேண்டாம்னாங்க, நாளைக்கு பரம்பிக்குளத்துத் தண்ணியும் எங்களுக்கே விடுன்னு கேட்டா நாம என்ன பண்றது?" 

"அப்படி கேக்கலீங்க பெரியப்பா, இருக்கற தண்ணிய சீரா விடுங்கன்னுதான்..." 

"இப்ப கேக்கல. கேட்டா?"

இந்தக் கேள்விய ஒதுக்கிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது. சமிதிக்காரங்க ஆறு மாத்தி விடறதையே தப்புன்னு வெளிப்படையா எழுதினவங்க, நதிகள் இணைப்புக்கு பிஏபி ஒரு எச்சரிக்கைன்னு சொன்னவங்க. மலைய குடைஞ்சு தண்ணிய திருப்பினதால சாலக்குடியும் காய்ஞ்சுது, கடைசி மடைல சித்தூரும் காய்ஞ்சுதுங்கறது அவங்க வாதம். கடைசி மடைன்னு சொல்றது உண்மைதான். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் போய்ப் பாருங்க, பிஏபி பேர்ல எத்தனை டிஎம்சி ஒப்பந்தத்துல இருந்தாலும் அங்க போர்வெல்தான். ஆனா பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்கு வர்ற தண்ணி நிஜம், அம்பது வருஷமா அதை நம்பி மரம் வச்சிருக்காங்க, திருப்பினது தப்புன்னு சொல்லி இன்னிக்கு வாய்க்கால மூட முடியாது. இந்த இடத்துல சமிதிகிட்ட ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பதில் இருந்துச்சுன்னு நான் நினைக்கல. சாலக்குடி பக்கம் பஞ்சாயத்து பஞ்சாயத்தா போன மாதிரி அவங்க இந்தப் பக்கம் தமிழ் பேசற விவசாயி கிட்ட வந்து உக்காரல, வந்திருந்தா பேச நிறைய இருந்திருக்கும். மணக்கடவுல எந்த நாள் எத்தனை கன அடி வந்துச்சு, எந்த மணிக்கு வந்துச்சு, மூலத்தரைல எவ்வளவு பிரிஞ்சுது, இதை யாராவது நோட்டுல எழுதி வச்சு மாசாமாசம் கேள்வி கேக்கறாங்களான்னு பாருங்க. நம்ம பக்கம் கோபம் வரும், மறியல் நடக்கும், ஆழியாறுல தண்ணி விட்டா கலைஞ்சு போயிடும். அவங்க செஞ்ச மாதிரி அன்னாடக் கணக்கு எடுக்க நமக்கு ஒரு அமைப்பு இல்ல.

பிஏபி ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29, ஆனா 1958 நவம்பர் 9-ல இருந்தே அமல்னு எழுதியிருக்காங்க. 30 வருஷத்துக்கு ஒரு தடவ மறு ஆய்வு பண்ணணும். 1988-லயே முதல் முறை வந்துச்சு, 2018-ல ரெண்டாவது. 2019 செப்டம்பர்ல ரெண்டு மாநில முதலமைச்சரும் திருவனந்தபுரத்துல சந்திச்சு இதுக்குன்னு குழு போடலாம்னு முடிவு பண்ணினாங்க. ஒப்பந்தத்துல மணக்கடவுக்கு 7.25 டிஎம்சின்னு கணக்கு இருக்கு, கேரள சோலையாறுக்கு 12.3 டிஎம்சின்னு கணக்கு இருக்கு. தும்பூர்முழிக்குக் கீழ புழையில கோடைல எவ்வளவு ஓடணும்னு ஒரு வரி கிடையாது, அது எந்த நேரத்துல ஓடணும்னும் கிடையாது, மணக்கடவு 7.25-ம் வருஷக் கணக்குத்தான், கதிர் பிடிக்கற வாரத்துல வரணும்னு கட்டாயம் இல்ல. மறு ஆய்வு மேசைல ரெண்டு பக்கத்து எஞ்சினியரும் செயலாளரும் உக்காருவாங்க. சமிதி கையில சாலக்குடிக்கான கணக்கு தயாரா இருக்கு. கொழிஞ்சாம்பாறைல இருந்து யார் என்ன நோட்டு கொண்டு போறதுன்னு இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கல.